விட்ட பிள்ளையைப் பார்க்கத் தீவுக்குப் போனது

கரையிலிருந்து தீவுக்குப் படகில் ஐந்து நிமிடம்தான். காரைக்குடியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பார்த்து, துண்டைப் போட்டு உட்காருவதற்கே அதைவிட நேரமாகும். அவ்வளவு தூரம் போன எனக்கு அந்த ஐந்து நிமிடம் இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று இருந்தது. இறங்கினால் அவன் நிற்பான். அவனிடம் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் இசேயோ என்று ஓர் ஏரி. எங்கள் பக்கத்துப் பிரான்மலையைத் தூக்கிப் பெரிய கண்மாய் ஒன்றின் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு மலை அந்தத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது. அடிவாரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்ன ஊர்கள். மோந்தே ஈசோலா என்று பெயர். அந்தப் பெயர் என் வாயில் சரியாக வந்தது திரும்புகிற அன்றுதான். அங்கே என் இரண்டாவது மகன் சொக்கலிங்கம் இருக்கிறான். மகன் என்று நான் சொல்லக் கூடாது. ஆறு வயதிலேயே அவனைப் பங்காளி வீட்டுக்குச் சுவீகாரமாகப் பிள்ளை விட்டுவிட்டேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. அவனைப் பெற்றவள், என் மனைவி வள்ளியம்மை, ஆவணியில் இறந்துபோனாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்பது நாளும் "சொக்கு வந்துட்டானா?" என்று கேட்டாள். அவனுக்குச் சேதியே போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துப் படத்தை யாரோ போனில் அனுப்பி, அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஏன் சேதி போகவில்லை என்பதை நேரில் சொல்லத்தான் எழுபத்தெட்டு வயதில் விமானம் ஏறினேன். தலைதிவசம் கழியட்டும் என்று ஊரில் தடுத்தார்கள். அதுவரை நான் இருப்பேன் என்பதற்கு யார் பொறுப்பு?

படகுத்துறையில் அவன் நிற்கவில்லை. விமான நிலையத்துக்கும் அவன் வரவில்லை. அவன் மனைவி லூச்சியாதான் வந்து கூட்டிப்போனாள். அந்த ஊர்ப் பெண். ஐம்பது வயதிருக்கும். குட்டையான முடி, சிரித்த முகம். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வராது. அவள் போனில் தன் பாஷையில் பேசுவாள், போன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும்.

தீவில் கார் கிடையாது. ஊர்க்காரர்கள் ஸ்கூட்டர் வைத்துக்கொள்ளலாம். துறையில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து லூச்சியா போனில் ஏதோ சொன்னாள். போன் ஒரு செய்தி வாசிப்பவள் குரலில், "மாமனார் அவர்களே, தயவுசெய்து எனது பின்புறத்தில் அமருங்கள்" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறதா? அது ஒரு பக்கம் இருக்க, இவள் என் மருமகளா என்பதே எனக்குத் தெரியவில்லை. முறைப்படி பார்த்தால் இல்லை. "நடந்தே வாரேன் தாயி" என்று கையால் நடந்து காட்டினேன். அவள் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே என்கூட நடந்தாள். என் பெட்டி ஒரு மூன்று சக்கர வண்டியில் முன்னால் போய்விட்டது.

ஏரியை ஒட்டிய பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஒட்டி ஒட்டிக் கல் வீடுகள். ஒலிவ மரங்களுக்கு அடியில் காய் பொறுக்க வலை விரித்திருந்தார்கள். வீட்டு முன்னால் வளைந்த குச்சிகளை நட்டு, வெள்ளி வெள்ளியாகச் சின்ன மீன்களைக் கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். தொண்டிப் பக்கம் போனால் வருமே, அதே வாசனை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். குளிருக்கு உள்ளே முழுக்கால் சட்டை போட்டு மேலே வேட்டி கட்டியிருந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மரியாதையான ஜனங்கள்.

பிள்ளை விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் செட்டிமார் வீடுகளில் பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொள்வார்கள். நாலு பேருக்கு முன்னால் பையன் மஞ்சள் நீரைக் குடித்துவிட்டால் அன்றோடு அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவன் அப்பச்சி இல்லை, சின்னப்பச்சி. பெற்றவள் ஆத்தா இல்லை, சின்னாத்தா. என் பெரியப்பா மகனுக்கும் அவர் மனைவி உமையாள் ஆச்சிக்கும் பிள்ளை இல்லை. அவர்கள் வசதியானவர்கள். நான் இரும்புச் சாமான் கடையில் எடுபிடியாக நின்றவன். எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் முத்து, இளையவன் சொக்கு. அவர்கள் இளையவனைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

அன்றைக்கு உமையாள் ஆச்சி விளக்குக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். "தம்பி, இனி அவனுக்கு நல்லது கெட்டது எந்தச் சேதியா இருந்தாலும் எங்க வீட்டு வழியாத்தான் போகணும். நேரா நீங்க யாரும் சொல்லப்படாது." சரி ஆச்சி என்றேன்.

மற்றவர்கள் வீட்டில் இவ்வளவு கிடையாது. விட்ட பிள்ளை இங்கேயும் வரும் அங்கேயும் போகும், இரண்டு வீட்டிலும் சாப்பிடும். நான்தான் இறுக்கிப் பிடித்தேன். சொத்தைப் பார்த்துப் பிள்ளையை விட்டான், இப்போது பிள்ளையையும் விடமாட்டேன் என்கிறான் பார் என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் வீடு எங்களுக்கு மூன்றாவது வீடு. முதல் வாரத்தில் சொக்கு காய்ச்சலோடு ஓடிவந்து எங்கள் நிலைப்படியில் படுத்துக்கொண்டான். தூக்கிக்கொண்டுபோய் அங்கே விட்டேன். மறுபடி வந்தான். மறுபடி விட்டேன். மூன்றாந் தடவை அவன் அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தான். வள்ளி கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. நான் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். எட்டு வயதில் அவனை மலையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்த்தார்கள். அதனால் அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் சொக்கு வந்தான். படகு எஞ்சின் பழுது பார்ப்பது அவன் வேலை. சின்ன வயதில் கப்பல் எஞ்சின் படிக்க வந்தவன், லூச்சியாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மகள் ஒருத்தி வேறு ஊரில் படிக்கிறாள். கையெல்லாம் கறுப்பு மசி. தலை பாதி நரைத்துவிட்டது.

"வாங்க. எப்ப வந்தீக?" என்றான். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் கேட்கிற கேள்வி.

"மத்தியானம் தம்பி."

"பிரயாணம் சவுகரியமா?"

"ஒண்ணும் குறையில்லை."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டான். ஐம்பத்தோரு வயதுப் பிள்ளை. விட்ட நாளிலிருந்து அவனை நான் 'டா' போட்டு அழைத்ததில்லை.

லூச்சியா மஞ்சள் சோள மாவைக் களியாகக் கிண்டி, ஒரு பலகையில் கொட்டி, நூலைப் பிடித்து அறுத்து ஆளுக்கொரு துண்டு வைத்தாள். கேழ்வரகுக் களிக்கு மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. கூடவே அந்தக் காய்ந்த ஏரி மீனை எண்ணெயில் ஊறவைத்து, வாட்டி வைத்தாள். நான் களியை மட்டும் பிட்டுச் சாப்பிட்டேன். லூச்சியாவின் முகம் சுண்டிவிட்டது. போன் என்னைப் பார்த்து, "எனது மீன் உங்களுக்கு வெறுப்பாக உள்ளதா?" என்றது.

"கவிச்சி விட்டுட்டீகளா?" என்றான் சொக்கு.

"அவ போனதிலேருந்து தொடலை."

அவன் லூச்சியாவிடம் என்னவோ சொன்னான். அவள் மீன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தன் தட்டில் இருந்த மீனையும் அவன் மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் களியைத் தின்றான். 

உமையாள் ஆச்சி என்னிடம் அவனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். சோற்று வற்றலும் மாவுருண்டையும். எண்பத்தாறு வயதில் தன் கையால் பிழிந்து காயவைத்த வற்றல். பிரித்ததும் பொரிக்கக்கூட இல்லாமல் பச்சையாக ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். "ஆத்தா கைப்பக்குவம் மாறவே இல்லை, பாருங்க" என்றான். அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான். நான் என்ன சொல்ல வந்தேனோ, அதற்கு அந்தப் பொட்டலமே குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் நடந்தது இதுதான். வள்ளியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, கொடுத்த வார்த்தைப்படி, உமையாள் ஆச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். 'சின்னாத்தாவுக்கு முடியலை, சொக்குவைக் கேக்குறாக' என்று சேதி. ஆச்சி "சரி, சொல்லிடுறேன்" என்று சொல்லி அனுப்பினார். சொல்லவில்லை. மூன்றாம் நாள் முத்து, "நான் நேராக் கூப்பிடுறேன் அப்பச்சி" என்று போனை எடுத்தான். நான் பிடுங்கி வைத்தேன். நம்ம வழி அது இல்லை, அந்த வீட்டு வழியாகத்தான் போகும் என்றேன். வள்ளியிடம், "சேதி போயிருச்சு, வந்துக்கிட்டிருக்கான்" என்றேன். அவள் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னாள், வாசல் தெரிகிற மாதிரி. அப்படியே போய்விட்டாள்.

காரியம் முடிந்து ஆச்சியிடம் போய்க் கேட்டேன். ஆச்சி மறைக்கவில்லை. "சொல்லத்தான் தம்பி போனை எடுத்தேன். வாய் வரலை. வந்தான்னா உங்க வீட்டுல போயி விழுந்து அவளை ஆத்தான்னு அழுவான். நாப்பத்தஞ்சு வருஷம் வளத்துட்டு அதை நான் உசுரோட இருந்து கேக்கணுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்டச் சொல்றதுன்னாச் சொல்லிக்கங்க" என்றார். சொல்ல வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

மறுநாள் காலையில் லூச்சியா படகேறிக் கரைக்கு வேலைக்குப் போய்விட்டாள். சொக்குவும் பட்டறைக்குப் போய்விட்டான். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, பட்டறையில் போய்ச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பினேன். தீவில் ஒரு சின்ன பஸ் ஓடுகிறது. நம் ஊர் மினி பஸ்ஸில் பாதி இருக்கும். தண்ணீரோரமாகத்தான் போகும் என்று ஏறினேன். அது ஏறியது மலைமேல். வளைந்து வளைந்து போகிறது, ஒரு திருப்பத்தில் ஏரி வலப்பக்கம், அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம். நான் "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கையை ஆட்டினேன். டிரைவர் நான் சந்தோஷத்தில் கையாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தானும் கையாட்டினார். உச்சி ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டது பஸ்.

பத்துப் பதினைந்து வீடு. ஆள் நடமாட்டம் இல்லை. கல்லல் ஸ்டேஷனில் ரயிலை விட்டுவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன். ஒரு வீட்டு முன்னால் என் வயதுக் கிழவி ஒருத்தி முள்தோடு உடைத்து ஏதோ கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான், "சொக்கு, சொக்கு" என்றேன். "ஆ! சொக்கோ!" என்று எழுந்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, போனில் யாரிடமோ சத்தமாகப் பேசினாள். பிறகு அந்தக் கொட்டையைச் சுட்டு, உரித்து, என் உள்ளங்கையில் வைத்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இனிப்பாக, மாவாக இருந்தது.

பாஷை இல்லாத ஊரில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. மடியிலிருந்து போனை எடுத்து வள்ளியின் படத்தைக் காட்டினேன். கையை மேலே காட்டினேன். கிழவி நெற்றியையும் மார்பையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். உள்ளே மாட்டியிருந்த ஒரு மீசைக்காரர் படத்தைக் காட்டி அவளும் கையை மேலே காட்டினாள். இரண்டு பேரும் கொட்டை தின்றோம். வள்ளி இறந்த பிறகு யார் முன்னாலும் நான் அழுததில்லை. அங்கே கொஞ்சம் கண் கலங்கியது. கிழவி பார்க்காத மாதிரி தோட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

சொக்கு ஸ்கூட்டரில் வந்தான். எண்ணெய்க் கையோடு அப்படியே கிளம்பி வந்திருக்கிறான்.

"அந்தம்மா போன்ல என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"உங்க அப்பா பாவாடை கட்டிக்கிட்டு மலைமேல நிக்கிறாரு, வழி தெரியாம முழிக்கிறாரு, வந்து கூட்டிட்டுப் போன்னுச்சு." சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வேட்டின்னு சொன்னா அதுக்கு எங்க தெரியும்?"

உங்க அப்பா என்று அவள் சொன்னதை அவன் திருத்தியிருக்க மாட்டான். அந்தத் தீவில் யாருக்கும் எங்கள் முறை தெரியாது. முகத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், அப்பா என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"ஏறுங்க. நல்லாப் புடிச்சுக்கங்க, சரிவு" என்றான். ஏறினேன். முதலில் இருக்கையின் கம்பியைப் பிடித்தேன். முதல் திருப்பத்தில் சாய்ந்தபோது அவன் ஒரு கையால் என் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தான். அவனை ஆறு வயதில் தூக்கிக்கொண்டு போய் விட்டதற்குப் பிறகு தொட்டது அப்போதுதான். அவன் ஊருக்கு வந்து தாலி கட்டியபோதுகூடத் தொட்டு ஆசீர்வாதம் செய்யவில்லை. அதற்கு வேறு ஆள் இருந்தார்கள். அந்த மலை இன்னும் உயரமாக இருந்திருக்கலாம். சொல்ல வந்ததைச் சொல்ல நல்ல நேரம் அது, முகம் பார்க்க வேண்டியதில்லை. காற்று ஓ என்று அடித்தது. நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவனே கேட்டான். பட்டறைக்கு என்னை அழைத்துப்போயிருந்தான். கிழக்கே பார்த்த ஒரு தகரக் கொட்டகை, வாசலிலேயே தண்ணீர். நாங்கள் இரும்புக் கடையில் நட்டு போல்ட்டை அளவு வாரியாகத் தகர டப்பாவில் போட்டு வைப்போம். அவனும் அப்படியே வைத்திருந்தான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. ஒரு எஞ்சினைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"சின்னாத்தா ஒம்போது நாள் இருந்தாகளாமே?"

"ஆமா தம்பி."

"நெனைவு இருந்துச்சா?"

"கடைசி வரைக்கும் இருந்துச்சு."

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை? ஒரு நாள்ல வந்திருப்பேன். முத்தண்ணனைக் கேட்டா அப்பச்சியைக் கேளுங்கிறாரு. நீங்களே சொல்லுங்க."

விமானத்தில் அந்தப் பதிலை நான் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்! அன்றைக்கே உன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன் தம்பி. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இரண்டே வரி. வாயைத் திறந்தேன். அவன் போன் அடித்தது.

"ஆத்தா" என்று முகம் மாறிவிட்டது அவனுக்கு. அங்கே பத்தரை மணி, நம் ஊரில் பகல் இரண்டு. தினமும் அந்த நேரத்துக்கு ஆச்சி சாப்பிட்டு முடித்துக் கூப்பிடுவாராம். கை எண்ணெயாக இருந்ததால் போனை எஞ்சின்மேல் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டான்.

"சாப்பிட்டியா அப்பு? என்ன சாப்பிட்ட?"

"சோறும் ரசமும் ஆத்தா." காலையில் அவன் தின்றது ஒரு ரொட்டி. "வத்தல் வறுத்துக்கிட்டேன்."

"உப்பு தூக்கலா இருந்துச்சோ? நாக்குல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது எனக்கு."

"அளவா இருந்துச்சு. கண்ணுக்குச் சொட்டு விட்டீகளா?"

"விட்டேன், விட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "சின்னப்பச்சி அங்கதான் இருக்காரா?"

"இந்தா, எதுக்க உக்காந்திருக்காரு."

"என்னப்பு சொன்னாரு?"

அந்தக் குரலை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. நிலைப்படியில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்று பார்க்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. எண்பத்தாறு வயது ஆச்சியின் தொண்டையில் அது வந்தது. வேறு துணை இல்லாத மனுஷி. புருஷன் போய் இருபது வருஷம். நாளைக்கு ஒரு தடவை, பகல் இரண்டு மணிக்கு, சாப்பிட்டியா என்று கேட்பதற்கு அவருக்கு இந்த ஒருத்தன்.

நான் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஒண்ணும் இல்லை ஆச்சி. சும்மா ஊரைப் பாத்துக்கிட்டிருக்கேன். வத்தல் நல்லா இருந்துச்சு" என்றேன்.

"சரி தம்பி" என்றார் ஆச்சி. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

சொக்கு துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். "சொல்லுங்க" என்றான்.

"நான்தான் சொல்ல வேணாமுன்னுட்டேன்."

கை நின்றது. "ஏன்?"

"விட்ட பிள்ளைக்கு நேராச் சேதி சொல்ற முறை கிடையாது. பதினாறு முடிச்சுட்டுச் சொல்லிக்கலாமுன்னு இருந்தேன்."

"ஆத்தா வீட்டுக்காவது சொல்லி அனுப்பிச்சிருக்கலாமுல்ல? அவுக எனக்குச் சொல்லியிருப்பாகள்ல?"

"அனுப்பலை. சாவுக்கு வந்த ஆச்சிகிட்டயும் பதினாறு கழியட்டும், சொல்லாதீகன்னுட்டேன்."

அது முழுப் பொய்யும் இல்லை. முத்து கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தவன் நான்தானே. ஆச்சி ஒரு நாள் பயந்தார். நான் நாற்பத்தைந்து வருஷம் முறை பேசினேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகத்தான் பேசினான். "கேட்டாகளா என்னைய?"

இதற்கும் பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "தெனமும் கேட்டா. நீ வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னீகளா?" துணியைப் போட்டுவிட்டு எழுந்து தண்ணீரோரம் போய் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. "காய்ச்சலோட வந்து படுத்தவனைத் தூக்கிக்கிட்டுப் போயி விட்டீக. அப்ப எனக்கு வெவரம் இல்லை, என்னமோ முறைன்னு விட்டுட்டேன். இப்ப அவுகளையும் அதே மாதிரி பண்ணியிருக்கீக. நல்ல முறை. நல்ல மனுஷன் நீங்க."

நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு படகு போய் அலை வந்து கொட்டகைப் படியில் அடித்தது. பிறகு அவன் வந்து ஒன்றும் நடக்காதது போல எஞ்சினை மாட்ட ஆரம்பித்தான். அந்த ஸ்பானரை எடுங்க என்றான், எடுத்துக் கொடுத்தேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மழை. ஏரி, மலை, எதிர்க்கரை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். சொக்கு மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. போர்வை போதுமா, வெந்நீர் வேணுமா என்று கேட்டான். லூச்சியா எங்கிருந்தோ அரிசி வாங்கி வந்து குழைய வைத்து, மேலே வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள். கோயில் பொங்கலில் மிளகு மறந்தது போல இருந்தது, ஆனாலும் சோறு. சாப்பிடும்போது போனில் பேசினாள். "அவர் இரவு உணவு உண்பதில்லை. நீங்கள் அவரிடம் என்ன கூறினீர்கள்?" என்றது போன்.

போன் வாங்கி மொழிபெயர்க்கிற விஷயமா அது? "அரிசி நல்லா இருக்கு தாயி" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கரண்டி வைத்தாள்.

திரும்புகிற அன்று சொக்குவே லூச்சியாவோடு துறை வரை வந்தான். பெட்டியைப் படகில் ஏற்றினான். "மாத்திரை கைப்பையில இருக்கா? போயிச் சேந்ததும் முத்தண்ணனை மெசேஜ் போடச் சொல்லுங்க" என்றான். நான் அவன் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கினேன். அதற்குள் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஐந்து நிமிடம். கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது துறையில் லூச்சியா மட்டும் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

இது நடந்தது ஐப்பசியில். தை பிறந்து பத்தாம் நாள் உமையாள் ஆச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். இந்தத் தடவை நான் யார் வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. முத்துவிடம் எண்ணைப் போட்டுத் தரச் சொல்லி நானே பேசினேன். "சொக்கு, ஆத்தா போயிட்டாகப்பா" என்றேன்.  "இவுகளுக்கு மட்டும் நேராக் கூப்பிடத் தெரிஞ்சுச்சா உங்களுக்கு?" என்றான். வைத்துவிட்டான்.

இரண்டு நாளில் வந்தான். தலையை மழித்து, கொள்ளி வைத்து, பிள்ளை செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தான். மயானத்திலிருந்து வந்ததும் கூடத்தில் ஆச்சி படுக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, ஐம்பத்தோரு வயது ஆள், "ஆத்தா, ஆத்தா" என்று வாய்விட்டு அழுதான். மனதில் ஒரு கசடு இல்லாமல் அழுத அழுகை அது. நான் பங்காளிகளோடு பங்காளியாகத் தூணோரம் நின்றேன். என் பக்கம் அவன் திரும்பவில்லை.

முத்து என் காதருகே வந்து, "இப்பவாச்சும் சொல்லிருவமா அப்பச்சி?" என்றான்.

"பேசாம இருடா. அழுகுறான்" என்றேன்.